லட்சத்தெண்பத்தையாயிரம் பேர்: பைபிளில் எது வரலாறு, எது ஐதிகம்?

பிப்ரவரி 3 (ஒரு வாசகரின் கேள்வி)

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். 2 இராஜாக்கள் 19:35. எருசலேமைப் பிடிக்க வந்த அசீரியப் பாளயத்தில் ஒரே இராத்திரியில் கர்த்தருடைய தூதன் லட்சத்தெண்பத்தையாயிரம் பேரைக் கொன்றான் என்று இருக்கிறது. நடந்ததா, நடக்கவில்லையா? சபையில் கேட்டால் "உனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்கிறார்கள். ஆபீசில் கேட்டால் "மொத்தப் புத்தகமும் கட்டுக்கதைதானே" என்கிறார்கள். பைபிளில் வரலாற்றுப் புத்தகங்கள் இவை, கதைப் புத்தகங்கள் இவை என்று யாராவது ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் நிம்மதியாக இருப்பேன்.

பிப்ரவரி 4, காலை

பட்டியல் கிடையாது. இருபது வயதில் நானும் தேடி அலைந்தவன்தான். புத்தகம் புத்தகமாகப் பிரிக்க வராது. வெட்டுக்கோடு ஒரே அதிகாரத்துக்குள் ஓடுகிறது. சில இடங்களில் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில். நீங்கள் கேட்ட இடமே அதற்கு நல்ல சாட்சி.

கி.மு. 701. யூதாவின் ராஜா எசேக்கியா அசீரியாவுக்குக் கப்பம் கட்டுவதை நிறுத்திவிட்டான், அசீரிய ராஜா சனகெரிப் படையோடு வருகிறான். 18-ஆம் அதிகாரத்தில் 14 முதல் 16 வரை மூன்றே வசனம் படியுங்கள். எசேக்கியா, யூதாவின் லாகீஸ் பட்டணத்தில் இருந்த சனகெரிப்பிடம் ஆள் அனுப்பி, "நான் குற்றஞ்செய்தேன், திரும்பிப்போம், நீர் சுமத்துவதைச் சுமப்பேன்" என்கிறான். 300 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி, 30 தாலந்து பொன் என்று தீர்ப்பாகிறது. கஜானாவைத் துடைத்தும் போதாமல், ஆலயக் கதவுகளில் தானே அடித்த பொன் தகட்டை உரித்துக் கொடுக்கிறான். அற்புதம் இல்லை, தீர்க்கதரிசி இல்லை, தூதன் இல்லை. தொகையும் தலைகுனிவும்தான்.

17-ஆம் வசனத்தில் காற்று திசை மாறுகிறது. சனகெரிப் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று நீளமாகப் பேசுகிறான் (அருமையான பேச்சு, நம் மேடைப் பேச்சாளர்கள் பிச்சை வாங்கவேண்டும்). எசேக்கியா துக்கத்துக்கு இரட்டுத்துணி உடுத்துகிறான், தீர்க்கதரிசி ஏசாயா வாக்குச் சொல்லி அனுப்புகிறார், கடைசியில் தூதன் வருகிறான். பணம் கட்டியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுத்தவனும் மறந்துவிட்டான், வாங்கியவனும் மறந்துவிட்டான்.

எபிரேயு மூலத்தில் இன்னொரு தடயம் உண்டு. அந்த மூன்று வசனத்திலும் ராஜாவின் பெயர் 'ஹிஸ்கியா' என்று குறுக்கமாக இருக்கிறது. 17-இலிருந்து 'ஹிஸ்கியாகு' என்று நீள்கிறது. நான் 35 வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். பேரேட்டில் ஒரு பக்கத்தின் நடுவில் மை மாறினால் அங்கே விரலை வைத்துவிட்டு, "இதை எழுதினது யார்?" என்று கேட்போம். அந்தக் கேள்விதான் இங்கேயும்.

பிப்ரவரி 4, இரவு

காலையில் எழுத விட்டுப்போனது. ஏசாயா 36-இல் இதே கதை ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை வருகிறது. கப்பம் கட்டிய அந்த மூன்று வசனத்தை மட்டும் காணோம். 2 நாளாகமம் 32-இல் கதை சுருங்கி வருகிறது, அங்கேயும் காணோம். அவமானமான வரவுசெலவு நகல் எடுக்கும்போது உதிர்ந்துவிட்டது என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லி வந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மனம் வரவில்லை. உதிர்ந்ததா, அல்லது இராஜாக்கள் புத்தகத்தை எழுதியவர் அரண்மனைப் பதிவிலிருந்து எடுத்து நடுவில் செருகினாரா? இரண்டில் எதுவானாலும் அவருக்கு முன்னால் இரண்டு தாள்கள் இருந்திருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட்டார், தையல் தெரிகிறதே என்று கவலைப்படவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 6

"அசீரியக் கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது, ஆகவே பைபிள் முழுவதும் நிரூபணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அது கல் அல்ல, சுட்ட களிமண். ஆறு பக்கம் கொண்ட பட்டகம். 1830-இல் அசீரியத் தலைநகரான நினிவேயில் கர்னல் டெய்லர் கையில் கிடைத்தது, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சனகெரிப் தன் வாயால் சொல்வது: எசேக்கியாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைக் கொண்டுவந்தேன், அவனை எருசலேமுக்குள் கூண்டுப் பறவையைப்போல் அடைத்தேன், 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வாங்கினேன்.

பொன் கடுகளவும் பிசகாமல் பொருந்துகிறது. இரண்டு எதிரிகளின் கணக்கில் ஒரே தொகை! இதைவிட உறுதியான பதிவு அந்தக் காலத்துக்கு அபூர்வம். வெள்ளியில் 500 தாலந்து இடிக்கிறது. தாலந்து ஒன்று சுமார் 30 கிலோ என்று வைத்தால் பதினைந்து டன் வித்தியாசம். கொடுத்தவன் குறைத்து எழுதினானா, வாங்கினவன் கூட்டி எழுதினானா, இரு நாட்டு எடைக்கல்லும் வேறா, ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டு பக்கக் கணக்கும் பைசா வரைக்கும் பொருந்தினால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

ஆனால் சனகெரிப்பும் தணிக்கைக்கு உட்பட்டவன்தான். அந்த 2,00,150-ஐப் பாருங்கள், அந்த 150-ஐ! பொய்க்கணக்கு எழுதுகிறவன் வட்டத் தொகையோடு நிறுத்துவதில்லை, நம்பும்படி கொஞ்சம் சில்லறை சேர்ப்பான். அவன் உண்மையிலேயே எண்ணியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தூதன் கொன்ற 1,85,000-த்தைச் சந்தேகப்படுகிறவர் ராஜா பிடித்த 2,00,150-ஐ அப்படியே விழுங்கக் கூடாது.

பட்டகத்தில் இல்லாதது இன்னும் முக்கியம். எருசலேமைப் பிடித்தேன் என்று சனகெரிப் சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத 46 பட்டணத்தைப் பெருமையடிக்கிறவன் தலைநகரைப் பிடித்திருந்தால் ஒரு பக்கம் முழுக்க அதையே எழுதியிருப்பான். பறவையைக் கூண்டில் அடைத்தேன் என்றால், பறவை கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 6, பிறகு

தூதன் வசனத்துக்கு அடுத்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 36: சனகெரிப் திரும்பிப்போய் நினிவேயில் இருந்தான். 37: அவன் தன் தெய்வத்தின் கோயிலில் பணிந்துகொள்கையில் குமாரர்கள் பட்டயத்தால் வெட்டிப்போட்டார்கள். வாசிக்கிறவருக்கு ஏதோ அடுத்த மாசம் நடந்ததுபோல் தோன்றும். சனகெரிப் கொல்லப்பட்டது கி.மு. 681. இருபது வருஷம்! "நினிவேயில் இருந்தான்" என்ற இரண்டு சொல்லுக்குள் இருபது வருஷத்தை மடித்து வைத்திருக்கிறார் எழுதியவர். கொலையைப் பற்றிச் சந்தேகமில்லை. மகன் கொன்றதாகப் பாபிலோனிய நாளாகமம் சொல்கிறது, அசீரியக் கடிதம் ஒன்றில் அர்தா-முலிசு என்று பெயரே இருக்கிறது. பைபிளின் அத்ரமலேக் அவன்தான் என்கிறார்கள்.

ஆக 35-ஆம் வசனத்துக்கு வெளிச்சாட்சி எதுவும் இல்லை, 37-க்கு இரண்டு இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வசனம்.

பிப்ரவரி 7

சண்டே ஸ்கூலில் இந்தப் பகுதி எடுத்தபோது எட்டு வயசுப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான். "அதிகாலமே எழுந்திருக்கும்போது, இதோ, அவர்கள் எல்லாரும் செத்த பிரேதங்களாய்க் கிடந்தார்கள்னு போட்டிருக்கே சார். செத்தவங்க எப்படி எழுந்தாங்க?" அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

பிப்ரவரி 9

"கொள்ளைநோய் வந்திருக்கும். எலி மூலம் பரவும் நோய். எரோதோத்துசே எலிக்கதை சொல்கிறாரே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பழைய பாவத்தைக் கிளறிவிட்டீர்கள்.

கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்துசு சொல்வது இதுதான். சனகெரிப் எகிப்தின் மேல் படையெடுத்து அதன் எல்லையிலுள்ள பெலூசியம் வரை வந்தான். எகிப்து ராஜா ஒரு பூசாரி, போர்வீரர்கள் அவன் பக்கம் நிற்கவில்லை. தெய்வத்தின் முன்னால் அழுதான். இரவோடு இரவாக வயல் எலிகள் பாளயத்துக்குள் புகுந்து அம்பறாத்தூணிகளையும் வில் நாண்களையும் கேடயப் பிடிகளையும் கொறித்துத் தள்ளின. கோயிலில் அந்த ராஜாவின் சிலை கையில் எலியோடு நிற்கிறது என்கிறார். சம்பவம் நடந்து சுமார் 250 வருஷம் கழித்து எகிப்தியப் பூசாரிகளிடம் கேட்டு எழுதியது. எலி நாணைக் கடித்தது என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. நோய் என்ற சொல்லே இல்லை.

பைபிளில் எலி இல்லை, எரோதோத்துசிடம் நோய் இல்லை. எலியை அங்கிருந்தும் சாவை இங்கிருந்தும் எடுத்து முடிச்சுப் போட்டால் பிளேக் வருகிறது. நான் பத்து வருஷம் சண்டே ஸ்கூலில் இதைத்தான் 'விஞ்ஞான விளக்கம்' என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெற்றோருக்கெல்லாம் ஒரே சந்தோஷம். பிறகு ஒரு நாள்தான் உறைத்தது, நான் இரண்டு ஐதிகங்களைக் கூட்டி மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறேன். முதல் இரண்டுக்காவது ஊர் இருந்தது, கோயில் இருந்தது, சொன்ன வாய் இருந்தது. என்னுடையதற்கு ஒன்றுமில்லை.

யூத வரலாற்றாசிரியர் யோசேப்புசு கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கொள்ளைநோய் என்று எழுதிவிட்டார் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எழுதினார். எண்ணூறு வருஷம் கழித்து. அவர் கையிலும் இதே வசனமும் எரோதோத்துசும் இருந்தன.

பிப்ரவரி 10

கட்டுக்கதை என்ற சொல்லை விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பைபிள் தமிழில் அது வசவு. "சத்தியத்துக்குச் செவியை விலக்கி, கட்டுக்கதைகளுக்குச் சாய்ந்துபோகுங்காலம் வரும்" என்று தீமோத்தேயு நிருபத்தில் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் அதைச் சொன்னால் சண்டைதான் வரும். கட்டுக்கதை என்றால் ஒருத்தன் உட்கார்ந்து கட்டியது, ஏமாற்றும் எண்ணம் உண்டு. ஐதிகம் அப்படி அல்ல. ஊரே சேர்ந்து நம்பி, சொல்லிச் சொல்லி வளர்ந்தது; யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கர்ண பரம்பரை என்பது இன்னும் நல்ல சொல், ஆனால் இப்போது எழுதினால் மகாபாரதக் கர்ணனின் பரம்பரையா என்று கேட்கிறார்கள்.

பிப்ரவரி 13

பேச்சு ஐதிகத்துக்கு வந்துவிட்டதால் என் வீட்டு ஐதிகம் ஒன்று.

எங்கள் ஊர்க் கோயிலில் (எங்கள் பக்கம் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம்) ஒரு பெரிய மணி உண்டு. அதைத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தது என் பூட்டன். ஒற்றை ஆளாக, ஒரு மாட்டு வண்டியில். வழியில் ஓடையில் வெள்ளம். மாடு மிரண்டு நிற்க, பூட்டன் ஜெபம்பண்ண, மணி தானாக மூன்று தரம் அடித்ததாம், வெள்ளம் வடிந்ததாம். வருஷா வருஷம் அசனத்தன்று (கோயில் விருந்து) சோறு இறங்கியதும் எங்கள் சித்தப்பா இதைச் சொல்லுவார். சொல்லச் சொல்ல வெள்ளம் உயர்ந்துகொண்டே போகும். என் சின்ன வயதில் மாட்டின் முழங்கால் அளவு. நான் வேலைக்குப் போனபோது வண்டியின் நுகத்தடி வரைக்கும் வந்துவிட்டது.

ரிட்டயர் ஆன பிறகு கோயில் பீரோவைச் சுத்தம் செய்யும் வேலையை என்னிடம் தள்ளினார்கள். கணக்குத் தெரிந்தவன் என்று. அதில் அந்த வருஷத்துக் கணக்குப் புத்தகம், செல்லரித்தது பாதி, அரிக்காதது பாதி. மணி வந்த மாதத்தில் செலவுப் பத்தியில் இரண்டு வரி: வண்டிக்கூலி, அதன் கீழே ஏற்று இறக்கு கூலி ஆள் 6-க்கு. வண்டிக்காரன் பெயர் இருந்தது. அது பூட்டன் பெயர் இல்லை. ஆள் ஆறில் ஒருவராகக்கூட அவர் இருந்தாரா என்று தெரிய வழியில்லை.

சித்தப்பாவிடம் சொல்லவில்லை. புத்தகத்தை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 14

"சொல்லியிருக்க வேண்டும்" என்று ஐந்து பேர். "சொல்லாமல் இருந்ததே நல்லது" என்று ஒருவர். அவருக்கும் ஒரு சித்தப்பா இருக்கிறார் போல.

பிப்ரவரி 16

மணியிலிருந்து கோலியாத்துக்குப் போவது எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது. பிறருடைய காரியம் பெரிய பெயரோடு போய் ஒட்டிக்கொள்வதுதானே இரண்டும்.

1 சாமுவேல் 17-இல் தாவீது கோலியாத்தைக் கொல்கிறான், எல்லாருக்கும் தெரியும். 2 சாமுவேல் 21:19-ஐ எபிரேயுவில் படித்தால், பெத்லெகேமியனான எல்க்கானான் காத்தூரானாகிய கோலியாத்தைக் கொன்றான். அவனுடைய ஈட்டித்தடி நெய்கிறவர்களின் படைமரம்போல் இருந்தது. அதே ஆள், அதே ஊர், அதே படைமரம். கொன்றவன் மட்டும் வேறு.

இதை ஆதியிலேயே யாரோ கவனித்திருக்கிறார்கள். 1 நாளாகமம் 20:5-க்குப் போங்கள். எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரனான லாகேமியை என்று இருக்கிறது. லாகேமி யார்? பெத்-லெகேமியன் என்ற சொல்லை நடுவில் ஒடித்துப் பாருங்கள். எல்க்கானானின் ஊர்ப்பெயரில் பாதி கழன்று ஒரு ராட்சதனின் தம்பியாக எழுந்து நிற்கிறது! எபிரேயுவில் ஓரிரு எழுத்து மாற்றம்தான். தமிழ் எழுத்திலேயே தெரிகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். பழைய ஆங்கில ஜேம்ஸ் ராஜா மொழிபெயர்ப்பு சாமுவேலிலும் 'சகோதரனை' என்று சேர்த்தது, ஆனால் மூலத்தில் இல்லாத சொல் என்று காட்டச் சாய்வெழுத்தில் அச்சிட்டது. அந்த நேர்மையாவது இருந்தது. உங்கள் வீட்டு மொழிபெயர்ப்பில் எப்படி இருக்கிறது என்று நீங்களே எடுத்துப் பாருங்கள்.

உயரமும் அப்படித்தான். நாம் படிப்பது ஆறு முழமும் ஒரு ஜாணும். ஒன்பதேமுக்கால் அடிக்கு வரும். சவக்கடல் குகைகளில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நான்கு முழமும் ஒரு ஜாணும். ஆறேமுக்கால் அடிக்குள். நம் ஊர்க் கூடைப்பந்து டீமில் அப்படி ஒருவர் இருக்கலாம். சித்தப்பாவின் வெள்ளம்போலக் கோலியாத்தும் வளர்ந்திருக்கிறான்.

இதனால் தாவீதே இல்லை என்று போய்விடாதீர்கள். 1993-இல் வட இஸ்ரேலின் தேல் தானில் ஆவிராம் பிரான் குழு தோண்டியபோது கிடைத்த அரமேயக் கல்லில் 'தாவீதின் வீடு' என்று இருக்கிறது, அதுவும் கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரு பகைவன் எழுதி வைத்தது. ராஜவம்சம் உண்டு. கவண்கல் வேறு விஷயம்.

பிப்ரவரி 17

திருத்தம். ஆவிராம் அல்ல, அவ்ரகாம் பிரான். பெயரில் நானே லாகேமி வேலை செய்துவிட்டேன். கல்லின் மற்றத் துண்டுகள் 1994-இல் கிடைத்தன.

பிப்ரவரி 17, மாலை

யோசுவா எரிகோவின் மதிலை விழவைத்தது நடந்ததா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 1930-களில் கார்ஸ்டாங் இடிந்த மதிலைக் கண்டு, யோசுவா இடித்த மதில் என்றார். 1950-களில் கேத்லீன் கென்யன் திரும்பத் தோண்டி, அந்த மதில் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழையது என்று காட்டினார். யோசுவா வந்திருக்கக்கூடிய காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த பட்டணமே இல்லை. அடுத்து பிடிபட்ட ஆயி அதைவிட மோசம், ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஆளில்லாமல் கிடந்த மேடு. பெயரின் அர்த்தமே 'பாழ்மேடு'. மேட்டைப் பார்த்துக் கதை பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். யோசுவா சுட்டெரித்ததாகச் சொல்லும் ஆத்சோர் மட்டும் உண்மையில் எரிந்த ஊர், கி.மு. 13-ஆம் நூற்றாண்டில், சாம்பல் இன்றும் இருக்கிறது. யார் கொளுத்தியது என்று சாம்பலில் எழுதியிருக்கவில்லை.

பிப்ரவரி 21

மகள் லண்டனில் இருந்த வருஷம் நான் பிரிட்டிஷ் மியூசியத்தில் லாகீஸ் அறைக்குள் போனேன். நினிவே அரண்மனைச் சுவரில் சனகெரிப் செதுக்கி வைத்ததை லேயார்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோண்டியெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், சனகெரிப்பின் பட்டகத்தில் லாகீஸ் என்ற பெயரே வராது. பைபிளில் வருகிறது, சுவரில் வருகிறது.

எல்லாரும் சிங்காசனத்தில் இருக்கும் ராஜாவைத்தான் பார்க்கிறார்கள். அவன் முகத்தை மட்டும் யாரோ பிற்பாடு கொத்திவிட்டிருக்கிறார்கள். நான் நின்றது வேறிடம். மதிலை இடிக்கும் வண்டி சரிவில் ஏறுகிறது. மேலேயிருந்து யூதர்கள் எரியும் பந்தங்களை வீசுகிறார்கள். வண்டிக்குள் ஒரு அசீரியன், நீளமான அகப்பையால் தண்ணீரை மொண்டு தன் வண்டியின் மேலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறான், தீப்பிடிக்காமலிருக்க. அவ்வளவுதான் அவன் வேலை. இந்தப் பக்கம் மாட்டு வண்டியில் மூட்டைகளின் மேல் பெண்களும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகிறார்கள். கழுவில் ஏற்றப்பட்டவர்கள் மூன்று பேர். சிற்பி யாரோ, அந்த அகப்பையைக் கற்பனையில் செய்திருக்க முடியாது என்று பட்டது.

பட்டால் போதுமா என்று கேட்பீர்கள். லாகீஸ் மேட்டின் தென்மேற்கு மூலையில் அந்தச் சரிவே கிடைத்திருக்கிறது. 1970, 80-களில் உஷிஷ்கின் தோண்டினார்; கவண்கற்கள், இரும்பு அம்பு முனைகள், ஒரு சங்கிலித் துண்டு. மியூசியத்துச் சுவரும் மேடும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்கின்றன. எங்கள் சண்டே ஸ்கூல் பாடப் புத்தகத்தில் லாகீஸ் பற்றி ஒரு வரி கிடையாது. எருசலேம் தப்பியது, அதனால் கொண்டாடினோம். லாகீஸ் தப்பவில்லை.

பிப்ரவரி 24

"நீங்கள் எப்போதும் பைபிளுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதுகிறீர்கள்." இல்லை ஐயா. பெல்ஷாத்சாரை எடுங்கள். தானியேல் 5-இல் விருந்து நடத்தி, சுவரில் எழுதும் கையைப் பார்க்கிறவன். பாபிலோனின் கடைசி ராஜா நபோனிது என்றுதான் கிரேக்கப் பட்டியல்கள் சொல்லின; பெல்ஷாத்சார் என்ற பெயரையே காணோம், கற்பனைப் பாத்திரம் என்று 19-ஆம் நூற்றாண்டில் சிலர் எழுதினார்கள். 1854-இல் ஊர் என்ற ஊரில் (பெயரே ஊர்தான், நான் என்ன செய்ய) நபோனிதின் களிமண் உருளைகள் கிடைத்தன. தன் மூத்த மகன் பெல்-ஷார்-உசூருக்காக வேண்டிக்கொள்கிறான். சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இதை எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இதோடு நிறுத்திவிடுவார்கள், அதுதான் கோளாறு. உருளைப்படி அவன் நபோனிதின் மகன். தானியேல் அவனை நேபுகாத்நேச்சாரின் மகன் என்கிறது. அப்பன் பத்து வருஷம்போல் அரேபியாவில் தேமாவில் போய் உட்கார்ந்திருந்தபோது மகன் ஆட்சியைக் கவனித்தான், ஆனால் ராஜா என்ற பட்டம் அவனுக்கு எந்தப் பத்திரத்திலும் இல்லை.

சவக்கடல் சுருள்களில் நபோனிதின் ஜெபம் என்று ஒரு கிழிசல் இருக்கிறது. தேமாவில் ஏழு வருஷம் நோயில் கிடந்தேன், ஒரு யூதன் வந்து வழி சொன்னான் என்று ராஜாவே பேசுகிறான். ஏழு காலம் மாடுபோல் புல் மேய்ந்த நேபுகாத்நேச்சாரின் கதை நினைவுக்கு வருகிறதா? வேறொரு ராஜாவின் கதை பெரிய ராஜாவின் பெயருக்கு மாறியிருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. எல்க்கானான், தாவீது. வண்டிக்காரன், பூட்டன். பெயர் உண்மை என்று நிரூபணமானால் கதையும் நிரூபணமாகிவிடாது. கதை நகர்ந்தது என்பதால் அந்தப் பெயர் பொய்யாகியும் விடாது.

பிப்ரவரி 25

தமிழன் என்பதால் எனக்கும் ஒரு பலவீனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1 இராஜாக்கள் 10:22, சாலமோனின் கப்பல்கள் தந்தம், குரங்கு, மயில் கொண்டுவந்தன. மயிலுக்கு எபிரேயுவில் 'துக்கியீம்'. அது நம் தோகை என்று கால்டுவெல் 1856-இலேயே எழுதிவிட்டார். இடையன்குடிக்காரர் சொன்னால் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது. மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் அது மயிலே இல்லை, எகிப்தியச் சொல்லிலிருந்து வந்த இன்னொரு குரங்கு வகை என்று வாதிடுவோரும் உண்டு. எரிகோவுக்கு மண்வெட்டிச் சாட்சி கேட்ட நான் மயிலுக்கு ஒரு சாட்சியும் கேட்காமல் நாற்பது வருஷம் நம்பியிருக்கிறேன். இப்போதும் தோகையாக இருக்கட்டுமே என்றுதான் மனம் சொல்கிறது.

மார்ச் 2

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, "எலி, மயில், மணி எல்லாம் சரி. என் கேள்விக்கு ஒரு வரியில் பதில்?" என்கிறார்.

ஒரு வரியில் முடியாது, நான்கைந்தில் சொல்கிறேன். சனகெரிப் வந்தான், லாகீஸ் விழுந்தது, எசேக்கியா பணம் கட்டினான், எருசலேம் விழவில்லை. இந்த நான்கையும் நான் கையெழுத்துப் போட்டு ஒப்புவேன். ஏன் பிடிக்காமல் போனான் என்பதற்குப் பைபிளே ஒன்றுக்கு மேல் காரணம் தருகிறது: பணம் கிடைத்தது, எத்தியோப்பியனான தீராக்கா படையோடு வருகிறான் என்ற செய்தி (அவன் ராஜாவானது கி.மு. 690-இல்தான், அப்போது அவன் இளவரசனாக வந்திருக்கலாம்), தூதன். 1,85,000 என்ற தொகைக்கு என்னிடம் வவுச்சர் இல்லை. பிழைத்த ஊர், தான் பிழைத்ததை எப்படிச் சொல்லிக்கொண்டது என்பதற்கு அந்த வசனமே சான்று. அந்த வகையில் எனக்கு அது வேண்டும், கிழித்துப் போட மாட்டேன்.

இன்னொன்று கேட்டீர்கள், யாருமே பெருமையடிக்காத பதிவு ஒன்றாவது உண்டா என்று. உண்டு. எசேக்கியா குளத்தையும் வாய்க்காலையும் உண்டாக்கி நகரத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தான் என்று 2 இராஜாக்கள் 20:20 சொல்கிறது. கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை 533 மீட்டர் சுரங்கம், பாறைக்குள். 1880-இல் அதற்குள் ஒரு பையன் எழுத்துகளைக் கண்டான். அந்தக் கல் இப்போது இஸ்தான்புல்லில். இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தோம், இன்னும் மூன்று முழம் இருக்கும்போது அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டது, உளிக்கு எதிரே உளி வெட்டினோம், தண்ணீர் 1,200 முழம் ஓடியது. ராஜா பெயர் இல்லை. கர்த்தர் பெயரும் இல்லை. எசேக்கியா காலத்தது என்பதற்கு 2003-இல் செய்த கார்பன் கணிப்பு துணை நிற்கிறது. கொஞ்சம் முந்தியது என்பாரும் உண்டு. கல்லில் தேதி போடவில்லை. கூலியாட்களுக்கு அந்தக் குரல் கேட்டதுதான் எழுதத் தகுந்ததாக இருந்திருக்கிறது.

மார்ச் 9

மணி விஷயத்தில் ஒரு திருத்தம். நேற்றுக் கோயிலில் வேறு வேலையாகப் பீரோவைத் திறந்தேன், அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். போன தடவை இரண்டு வரி பார்த்ததும் முடிவுகட்டி மூடிவிட்டேன். தணிக்கைக்காரன் செய்யக் கூடாத வேலை. அடுத்த பக்கத்தின் மேலே, செல்லரித்த ஓரத்தை ஒட்டி இன்னொரு பதிவு இருக்கிறது: ஓடையில் தண்ணீர் நின்றபடியால் வண்டி தாமதம், நாள் 2-க்கு மாட்டுத் தீவனமும் ஆள் ஒன்றுக்குக் காவல் கூலியும்.

வெள்ளம் இருந்திருக்கிறது. இரண்டு ராத்திரி ஓடைக்கரையில் யாரோ ஒருவர் மணிக்குக் காவல் இருந்திருக்கிறார். பெயர் இருந்த இடத்தைச் செல் தின்றுவிட்டது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்காது. "வெள்ளம் எவ்வளவு உயரம்னு போட்டிருக்கு?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.